பட்டியலில் இல்லாத ஊசியம்மா

"மத்தியானம் கஞ்சி குட்ச்சிட்டுப் பட்த்தாங்கோ, அப்டியே பூட்டாங்கோ" என்று விம்கோ நகரிலிருந்து ஊசியம்மா வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா போனில் சொன்னபோது, நான் ரேஷன் கடை வரிசையில் இருந்தேன். விலகிப் போய் நின்று அழுதேன்.

கொருக்குப்பேட்டை தண்டவாள ஓரத்தில் ஊசியம்மா என்று நாங்கள் கூப்பிட்ட அந்த நர்ஸம்மா கையால் ஊசி போட்டுக்கொள்ளாத பிள்ளை கிடையாது. வியன்னாவில் பிறந்த யூதப் பெண். ஐந்து வயதில் பெற்றோரோடு தப்பி மதராசுக்கு வந்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு நம் தெருவுக்குக் குடிவந்தவர். "இன்னாம்மே, வஞ்சிரம் கண்ணு கலங்கிப் போய் கீது?" என்று அவர் பேரம் பேசும்போது வெள்ளைக்காரி என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

எங்களுக்குள் ஒரு சண்டை நடந்தது. அதை மறைத்து அஞ்சலி எழுத எனக்கு மனம் வரவில்லை. தண்டவாள ஓரத்து வீடுகளை இடிக்கப் போவதாகச் சொன்னார்கள். பட்டியலில் பெயர் இருந்தால்தான் மாற்று வீடு. குடியிருப்போர் சங்கச் செயலாளரான நான் வீடு வீடாகப் பெயர் எழுதினேன். ஊசியம்மா மட்டும் கதவைத் திறக்கவில்லை. வயதானவர், பிடிவாதம் பிடிக்கிறார் என்று நானே அவர் பெயரையும் எழுதிவிட்டேன். பெரிய உபகாரம் செய்த நினைப்பு வேறு.

மறுநாள் காலையில் வந்து நின்றார். 

"எம்பேர இன்னாத்துக்கு எழுதுன நைனா?"

"வூடு கெடைக்கும்மா."

"அங்க வியன்னாலயும் ஒர்த்தர் இப்டிதான் வந்தாரு. ரொம்ப மரியாத. எங்க சித்தி காப்பி குட்த்துச்சு. கட்டடத்துல கீற எங்க யூத ஜனம் அத்தினி பேரையும் எழுதிக்கினாரு. நாங்க கப்பல் ஏறிட்டோம், சித்திக்கு சீட்டு கெடைக்கல. அப்பால நாஜிக்காரனுங்க அந்த லிஸ்ட்ட வச்சிக்கினுதான் சித்திய முகாமுக்கு ரயில்ல ஏத்துனாங்களாம். திரும்பி வர்ல."

இது வீடு கொடுக்கிற பட்டியல் என்றேன்.

"தெரியும். எனக்கு ஒண்ணும் புத்தி கெட்டுப் போவல. நீ கேட்டுட்டு எழுதிருக்கணும்."

இப்போது கேட்கிறேன், இருக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். பெயரை அடித்துவிட்டேன். அதோடு அவருக்கு வரவேண்டிய வீடும் போயிற்று. நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தெரு காலியானதும் விம்கோ நகரில் வாடகைக்கு ஒற்றை அறை பிடித்தார். அங்கே போய் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். "ரூமு கலீஜ்தான். ஆனா இந்த வாட்டி யாரும் என்ன ஏத்தி வுடல. நானா வந்தேன்."

இன்று சங்க நோட்டைத் திறந்தால், "எழுதட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் பேனாவை எடுக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு கேள்விதான். உங்களில் பலருக்கு அவர் பெயர் தெரியும். இந்த அஞ்சலியில் அதை நான் எங்கும் எழுதவில்லை. எழுதலாமா என்று உயிரோடு இருந்தபோதே அவரிடம் கேட்டு வைத்திருக்கலாம்; கேட்கவில்லை.