ஒவிலா போட்ட பனிப்பாதை

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து மரவெட்டி ஒவிலா முதல் உலகப் போருக்குப் போனான். ஆனால் துப்பாக்கியைத் தொடவில்லை. அந்நாட்டு மரவெட்டிப் படையோடு பிரான்ஸ் மலைக்காட்டில் பதுங்குகுழிகளுக்குப் பலகை அறுத்தான். குளிர்காலம் வந்தால் அவன் கை சும்மா இருக்குமா? மரம் ஏற்றிய சறுக்குவண்டி சுலபமாக ஓடட்டும் என்று, ஊர் வழக்கப்படி பாதை நெடுகத் தண்ணீர் ஊற்றி உறையவிட்டான்.

காலையில் முதலில் வந்தது அவன் படை மேஜரின் கார். வழுக்கிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் சாய்ந்தது. கீறல்கூட இல்லாமல் ஏறி வந்த மேஜர் கத்தினார்:

"எவன்டா தண்ணி ஊத்தினது?"

"நான்தாங்க. எங்க ஊர்ல இதுல யாரும் கார் ஓட்ட மாட்டாங்களே!"

போர் முடிந்து ஊர் திரும்பியவனை, சவரக்கடையில் பழைய சிப்பாய் டெலஸ்ஃபோர் சீண்டினான்.

"போருக்குப் போயி ஒருத்தனையாவது சாய்ச்சியாடா?"

"சாய்ச்சேனே, ஒரு மேஜரை. என்ன, அவரு நம்ம ஆளாப் போயிட்டாரு."