சூடேறாத துண்டுக் கம்பி

போன வெள்ளிக்கிழமை என் முகத்தில் கறுப்புத் தண்ணீர் அடித்தது.

அடித்தது வேறு யாருமில்லை. பாத்ரூம் சுவர்தான்.

அரபு நாட்டில் குளிருமா என்று கேட்டு வாசகர்கள் சிலர் எழுதுகிறீர்கள். குளிரும் சார், நன்றாகவே குளிரும். ஜனவரியில் பஹ்ரைனுக்கு வந்து பாருங்கள். கடல் காற்று எலும்பு வரைக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போகும். போதாததற்கு இந்த வருஷம் ஒரு வாரமாக மழை வேறு. நாங்கள் குடியிருக்கும் குதைபியாப் பேட்டைத் தெருக்களில் முழங்கால் தண்ணீர். வடிகால் கட்ட வேண்டும் என்று இங்கே யாருக்குத் தோன்றும்?

எங்களுக்கு மழையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. துணி காயவில்லை. வீட்டில் மூன்று மாதக் குழந்தை. ஒரு நாளைக்கு அவன் எத்தனை துணி நனைப்பான் என்பது குழந்தை வளர்த்தவர்களுக்குத் தெரியும். நாற்காலி முதுகில், கதவுக் கைப்பிடியில், என் டேப் ரெக்கார்டரின் மேல்... எங்கு பார்த்தாலும் ஈரத்துணி. ஈரத்தில் கிடந்து பையனுக்குச் சளி பிடித்து, மூச்சு விடும்போது கர்கர் என்று சத்தம்.

வியாழன் அன்று என் மனைவி சரோஜா, அயர்ன் பாக்ஸால் ஒரு துணியைக் காய வைக்கப் போய்ப் பொசுக்கிவிட்டாள். பொசுங்கிய துணியைத் தூக்கிக் காட்டிச் சொன்னாள்: "இன்னும் ரெண்டு நாள் பார்ப்பேன். அப்புறம் நானும் குழந்தையும் பம்பாய் ப்ளேன் ஏறிடுவோம். நீங்க இங்க மழையை ரசிச்சுக்கிட்டு இருங்க."

அவள் சொன்னால் செய்வாள். எழுபத்து நாலில் நாங்கள் இங்கே வந்ததே அவள் ஒரு முறை "போகலாம்" என்று சொன்னதால்தான்.

இத்தனைக்கும் துணி காய வைக்க எங்கள் பாத்ரூமில் ஒரு சாதனம் இருக்கிறது. முன்பு குடியிருந்த இங்கிலீஷ்காரர் மாட்டியது. வெள்ளி நிறத்தில் பளபளவென்று, சுவரோடு ஒட்டி நிற்கும் சின்ன ஏணி மாதிரி ஆறு குழாய்கள். மொட்டை மாடி பாய்லரிலிருந்து வெந்நீர் அதற்குள் ஓடும். மேலே துண்டைப் போட்டால் சூடாகக் காய்ந்துவிடும். டவல் ரேடியேட்டர் என்று பெயராம். சரோஜாவுக்கு அது வெறும் 'ஏணி'.

போன குளிர்காலத்தில் வேலை செய்த ஏணி, இந்தக் குளிர்காலத்தில் ஐஸ் மாதிரி நின்றது.

வீட்டுக்கார அரபியிடம் போய்ச் சொன்னேன். அன்பானவர். பேரீச்சம்பழம் கொடுத்தார், காவா என்னும் அரபுக் காபி கொடுத்தார், "புக்ரா" என்றார். புக்ரா என்றால் நாளை. எந்த நாளை என்று கேட்பது மரியாதை இல்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை நானே களத்தில் இறங்கினேன். நான் ஒரு கட்டுமானக் கம்பெனியின் மெயின்டனன்ஸ் ஆபீசில் அசிஸ்டென்ட் இன்ஜினியர். மெக்கானிக்கல். துண்டு காயப்போடும் ஒரு கம்பிக்கு முன்னால் தோற்பேனா? தாளை எடுத்துப் படம் போட்டேன். வெந்நீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று அம்புக்குறி போட்டேன். குழாயில் உப்பு அடைத்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஸ்பேனரை எடுத்து, அடியில் இருந்த பெரிய நட்டைத் திருகினேன்.

அப்போதுதான் அந்தக் கறுப்புத் தண்ணீர்.

ஒரு வருஷத்துத் துரு அத்தனையும் என் முகத்தில், பனியனில், வெள்ளைச் சுவரில்! எப்படியோ நட்டைத் திரும்ப முறுக்கிவிட்டு நிமிர்ந்தேன். வாசலில் தோளில் குழந்தையோடு சரோஜா. குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டான்.

சுவரைத் தேய்க்க சோப்புத்தூள் வாங்கத் தெருமுனைக் கடைக்கு ஓடினேன். அங்கே நின்றிருந்தார் முருகேசன். எங்கள் கம்பெனியில் பைப் ஃபிட்டர். பட்டுக்கோட்டைப் பக்கம். லீவு நாளில் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து சாமான் வாங்க வந்திருக்கிறார்.

"என்னா சார், இன்னிக்குமா டூட்டி?" என்றார் என் முகத்தைப் பார்த்து.

சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டார். "வாங்க, ஒரு எட்டு பாத்துடுவோம்" என்று கூடவே கிளம்பிவிட்டார்.

பாத்ரூமுக்குள் வந்தவர் என் படத்தைப் பார்க்கவில்லை. ஸ்பேனரைத் தொடவில்லை. ஏணியின் அடிக்குழாயில் உள்ளங்கையை வைத்தார். பிறகு அதற்கு மேலே. அதற்கும் மேலே. குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

"கீழ கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கு. மேல சில்லுன்னு இருக்கு. காத்து சார்."

"காற்றா?"

"உள்ள காத்து பூந்து மேல உக்காந்துகிட்டு, தண்ணிய ஏறவிடாம மறிக்குது. அதுக்கு வெளிய போக வழி காட்டணும். அவ்வளவுதான்." ஒரு கணம் தயங்கினார். "நீங்க அடியில தொறந்துவிட்டதுல இன்னும் கொஞ்சம் காத்து பூந்திருக்கும்..."

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் சோப்புத்தூளைப் பார்த்தேன்.

ஏணியின் உச்சியில், ஓரமாக, சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சதுரமாக ஒரு முனை இருந்தது. இத்தனை நாளும் அது அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அதைத் திருக ஒரு தனிச் சாவி வேண்டுமாம். இங்கிலீஷ்காரர் அதைக் கையோடு கொண்டுபோயிருப்பார்.

முருகேசன் சுற்றும் முற்றும் பார்த்தார். ஹாலிலிருந்து டிக் டிக் சத்தம் கேட்டது. "ஏம்மா, அது சாவி குடுக்கிற கடியாரமா?"

அது சரோஜாவுக்கு அவள் அப்பா கொடுத்த சுவர்க் கடிகாரம். அதன் சாவியை நான் தொடக்கூடாது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை அதிகமாக முறுக்கிவிட்டேன் என்று, இன்றுவரைக்கும் அது அவள் இடுப்புச் சாவிக்கொத்தில்தான் இருக்கிறது. அந்தச் சாவியைக் கழற்றி, ஒரு கேள்வி கேட்காமல், முருகேசன் கையில் கொடுத்தாள். எனக்குக் கொஞ்சம் வலித்தது. மறைப்பானேன்?

சாவி அந்தச் சதுரத்தில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. கால் திருகு. உஸ்ஸ்ஸ்... என்று பெருமூச்சு. அரை நிமிஷம் இருக்கும். பிறகு குமிழி குமிழியாகத் தண்ணீர். சட்டென்று மூடினார்.

"கலாஸ் சார், முடிஞ்சுது. கைய வச்சுப் பாருங்க."

வைத்தேன். ஒவ்வொரு குழாயாகச் சூடு மேலே ஏறி வந்தது. சரோஜா ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்த ஈரத்துணியெல்லாம் கொஞ்ச நேரத்தில் ஆவி விட ஆரம்பித்தது. அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பம்பாய் ப்ளேன் அப்போதே ரத்தாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

பர்ஸை எடுத்தேன். முருகேசன் கையை ஆட்டினார். "அதெல்லாம் மாஃபி சார், வேணாம்." போகாமல் நின்றார். செருப்பை மாட்டிக் கழற்றினார். "தப்பா நெனக்கலேன்னா... ஒரு வாளி சுடுதண்ணியில குளிச்சுக்கிடட்டுமா?"

எனக்குப் புரியவில்லை.

"கேம்ப்ல ஈட்டர் ரிப்பேரு சார். ரெண்டு மாசமாப் பச்சத்தண்ணிதான். விடியக்காலம் அஞ்சு மணிக்குத் தலையில ஊத்துனா உசிரு போயி உசிரு வருது. ரூம்ல அத்தன பேருக்கும் இருமலு."

குளித்தார். உள்ளே தண்ணீர்ச் சத்தத்தோடு பாட்டுச் சத்தமும் கேட்டது. வெளியே வந்தபோது பத்து வயது குறைந்திருந்தார். அவரை விடாமல் உட்கார வைத்து, சரோஜா சுடச்சுட மிளகு ரசம் பரிமாறினாள்.

"உங்க ஹீட்டரை நீங்களே சரி பண்ணக் கூடாதா? இதையே இவ்வளவு சுலபமாப் பண்ணிட்டீங்களே?" என்று கேட்டாள்.

"பண்ணலாம்மா. அர நாள் வேல. ஆனா கம்பெனிச் சாமானாச்சே? ஆர்டர் இல்லாமத் தொட்டா கஃபீல், அதான் விசா குடுத்த அரபி, ஊருக்கு அனுப்பிடுவான். எழுதிக் குடுத்தோம். சூப்பர்வைசரு மெயின்டனன்ஸ் ஆபீசுக்கு அனுப்பிட்டேன்னாரு. அங்கேருந்து பதிலு வரல."

கரண்டி பாதி வழியில் நின்றது. சரோஜா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"மெயின்டனன்ஸ் ஆபீஸ்னா... அது உங்க ஆபீஸ் இல்ல?"

முருகேசன் ரசத்தை உறிஞ்சினார். அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நிமிர்ந்து, "ரசம் பிரமாதம்மா" என்றார்.

சனிக்கிழமை ஆபீசில் கால் வைத்ததும் என் மேஜையிலிருந்த காகிதத் தட்டைக் கவிழ்த்தேன். அடியிலிருந்து மூன்றாவது தாள். 'கேம்ப் ஹீட்டர் - பழுது.' மூலையில் சிவப்பு மசியில் என் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு: 'கலந்து பேசவும்.'

யாரோடு யார் கலந்து பேசுவது? அதைக் குறிப்பிடவில்லை. எழுதிவிட்டு என் தட்டிலேயே போட்டுக்கொண்டிருக்கிறேன். எதற்காக அப்படி எழுதினேன் என்பதும் ஞாபகமில்லை. டீ வந்திருக்கும். டெலிபோன் அடித்திருக்கும். நான் டீ குடித்த அந்த நிமிஷத்துக்காக, அத்தனை பேர் இரண்டு மாதம் விடியற்காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டேன். ஐந்து விநாடி ஆயிற்று. தாளை ப்யூனிடம் கொடுக்காமல் நானே சைட்டுக்கு எடுத்துப்போய் முருகேசனிடம் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "இது... என் மேஜையிலதான் இருந்தது" என்றேன்.

"யல்லா சார், வேலையப் பாப்போம்" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

மத்தியானம் ஹீட்டர் ஓடியது. அன்று சாயங்காலம் கேம்ப்பில் திருவிழாவாம். வரிசையில் நின்று குளித்தார்களாம். குளித்தவர்கள் மறுபடியும் வரிசையில் போய் நின்றார்களாம்.

ஞாயிறு காலையில் சூப்பர்வைசரிடமிருந்து புதிய புகார் ஒன்று வந்தது: 'கேம்ப்பில் தண்ணீர்த் தொட்டி காலி. பெரிய தொட்டி தேவை.'

டீயைக்கூடத் தொடாமல் கையெழுத்துப் போட்டேன்.