மரண அறிவித்தலில் மூடாமல் விட்ட கட்டம்

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தமிழ்ச் சங்கத்தின் இணையத்தளத்தை ஹோம்புஷ் வீட்டிலிருந்து நான்தான் பார்த்துக்கொண்டேன். நான் படித்தது பொறியியல். இணையப் பக்கம் எழுத நூலகப் புத்தகம் ஒன்றைப் பார்த்து நானாகவே பழகினேன். அதில் எனக்குக் கர்வம் அதிகம். ஆட்கள் தேடி வந்து பார்த்தது ஒரே ஒரு பக்கத்தைத்தான்: மரண அறிவித்தல். பழைய அறிவித்தலைப் பிரதி எடுத்து, பெயரையும் ஊரையும் மாற்றி ஏற்றிவிடுவேன்.

சங்கச் செயலாளர் கணினித் துறையில் வேலை செய்த பெண். சங்கக் கூட்டமொன்றில் அவர் சொன்னார்:

“அங்கிள், ஏத்த முதல் வலிடேட்டரில ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. கோட் எங்க பிழை எண்டு அது சொல்லும்.”

“என்ர ஸ்கிரீன்ல வடிவாத்தானே பிள்ளை தெரியுது?”

“உங்கட பிரவுசர் பிழையைப் பொறுத்துக்கொண்டு காட்டும். எல்லாம் அப்பிடிக் காட்டாது.”

“செத்தவீட்டுக்காரருக்கு நான் சோதினை மார்க்ஸ் காட்டவேணுமோ?”

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருமுறை தனியாகப் போட்டுப் பார்த்தேன். ஏகப்பட்ட பிழைகள் வரிசையாக வந்தன. பெரும்பாலானவை அற்ப விஷயங்களாகத் தோன்றின. அத்தோடு விட்டுவிட்டேன்.

மெரிலேண்ட்ஸில் ஒருவர் இறந்தார். ஞாயிறு தகனம் என்று அறிவித்தல் போட்டேன். மறுநாள் அவர் மனைவி அழைத்து, சனிக்குத்தான் இடம் கிடைத்தது என்றார். மரண அறிவித்தலை அழித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. ஏதோ அபசகுனம் போலிருந்தது. அதனால் பழையதை அப்படியே விட்டு, அதன் கீழே ஒரு கட்டம் போட்டு, திருத்தத்தைச் சிவப்பெழுத்தில் எழுதினேன். என் திரையில் அது பளிச்சென்று தெரிந்தது.

இறந்தவருக்கு மெல்பேர்னில் ஓர் அண்ணன். காணிப் பிரச்சினையில் பல வருடங்களாக இரு வீட்டுக்கும் பேச்சில்லை. அவருக்கு யாரும் போன் பண்ணவில்லை. பக்கத்தைப் பார்த்துவிட்டு, தம்பியின் முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்க அவர் ரயிலேறி வந்தார். ஞாயிறு காலை, பூதவுடல் வைக்கப்படும் மலர்ச்சாலை வாசலில் நின்று, பக்கத்தின் அடியில் இருந்த என் எண்ணுக்கு அழைத்தார்.

“தம்பி, இஞ்ச வேற ஆற்றையோ செத்தவீடு நடக்குது. என்ர தம்பியை எங்க வச்சிருக்கினம்?”

நேற்றே தகனம் முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

“எனக்குத் தெரியக்கூடாதெண்டு திகதியை மாத்தினவையோ?”

“இல்லை அண்ணை, வெப்சைட்டில போட்டனான்.”

“ஞாயிறு எண்டுதான் கிடந்தது. வெளிக்கிட முதலும் பாத்தனான்.”

போனை வைத்ததும் அந்தப் பக்கத்தை வலிடேட்டரில் போட்டேன். திருத்தம் எழுதிய கட்டம் தொடங்கும் இடத்தைக் குறித்த நான், முடியும் இடத்தைக் குறித்து அதை மூடவே இல்லை. மூட ஒரேயொரு சொல் போதும். மூடாத கட்டத்தை என் பிரவுசர் தானாக மூடிக் காட்டியது. அவருடையது பழைய பிரவுசராக இருக்கவேண்டும்; அந்தக் கட்டத்தையே காட்டாமல் விட்டிருக்கிறது. அந்தக் கட்டத்தை மூடினேன், பக்கத்தைத் திரும்ப ஏற்றினேன். செயலாளரிடம்கூடச் சொல்லவில்லை.

கோட் சரிபார்ப்பது எதற்கு என்று இப்போது யாராவது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியும். நம் கண் நம் திரையை மட்டும்தான் பார்க்கும். இதை அந்தச் செயலாளர் பெண் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்.

இரண்டு நாள் கழித்து மெல்பேர்னிலிருந்து அவர் அழைத்தார்.

“தம்பி, இப்ப பாக்க சிவப்பெழுத்தில சனி எண்டு கிடக்குது. நான்தான் வடிவாப் பாக்கேல்லைப் போல. அவையளைப் பிழையா நினைச்சிட்டன்.”

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

“ஓம் அண்ணை, சிலவேளை அப்பிடியும் நடக்கும்” என்றேன்.

“நீர் செத்தவீட்டுக்குப் போனனீரோ? முகம் எப்பிடி இருந்தது?”

நான் போயிருந்தேன், பார்த்திருந்தேன். நன்றாக மெலிந்திருந்தார், மீசையை வழித்திருந்தார்கள், திருநீறு பூசியிருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.