நான்கு பங்கு நிலாப்பலகாரம்

இந்தக் கிழமை, சூரிக்குக்குப் பக்கத்து ஊரான டீட்டிகோனில், தமிழ்க் கடையில், தேங்காய்ப்பால் டின்களுக்குப் பக்கத்தில், சீனர்களின் நிலாப்பலகாரப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குத் தேவைப்பட்ட ஆண்டில் ஒரேயொரு பெட்டிக்காக நாயாய் அலைந்தேன்.

அப்போது சூக் நகரத்து முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்தேன். என் பொறுப்பிலிருந்த சீனத்து அம்மாவால் கெட்டியான எதையும் விழுங்க முடியாது. கூழாக அரைத்துத்தான் ஊட்டுவோம். புத்தி மட்டும் தெளிவு. தங்களுடைய முழுநிலாப் பண்டிகை வருகிறது, ஒரு பலகாரம் வேண்டும் என்றார். தின்பதற்கல்ல, வெட்டுவதற்கு. வட்டமான அதை வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சம பங்காக வெட்டவேண்டுமாம். தூரத்தில் இருப்பவருக்கும் பங்கு உண்டாம். தனக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, இரண்டு மகள்களுக்கு இரண்டு. பிள்ளைகள் மூவரும் எட்டிப் பார்ப்பதேயில்லை. "வெட்டிவிட்டால் அவர்கள் வந்த மாதிரி" என்று அரைகுறை ஜெர்மனில் சொன்னார். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

விடுமுறை நாளில் கிளம்பினேன். முதலில் போனது இதே கடைக்கு.

"சீனாக்காரர் சாப்பிடுற நிலாப் பலகாரம் இருக்கோ அண்ணை?"

"கருவாடு இருக்கு, புட்டுமா இருக்கு பிள்ளை. நிலாவுக்கு நீங்கள் சூரிக்குக்குத்தான் போகவேணும்" என்று கடைக்காரர் சிரித்தார்.

ரயிலேறி சூரிக் போனேன். ட்ராமில் போய்ச் சேர்ந்த முதல் கடையில் எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது. மறுபடி ட்ராம், பிறகு பஸ். நகரத்துக்கு வெளியே, கிடங்குகளுக்கு நடுவில் இருந்த சீனக் கடையில் கடைசிப் பெட்டி கிடைத்தது. உள்ளே தாமரை விதை அரைத்து வைத்தது, மேலே பூ அச்சு. சூக் ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு, நசுங்கிவிடுமோ என்று பக்கத்தில் இருந்தவரை முறைத்தபடியே வந்தேன்.

பண்டிகையன்று அதை அம்மாவின் முன் வைத்தேன். பூ அச்சை விரலால் தடவிப் பார்த்தார். கத்தியை எடுக்கும் நேரத்தில் பிரிவுத் தலைவி உள்ளே வந்தாள். சாப்பிடமாட்டார், வெட்ட மட்டுந்தான் என்று நான் மன்றாடினேன். "கைக்கு வந்தால் வாய்க்குப் போகும். மூச்சடைத்தால் யார் பொறுப்பு?" என்று தட்டோடு எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் கிண்ணம் இருந்தது. பலகாரத்தைப் பால் ஊற்றி மிக்ஸரில் அடித்து, மேலே ஒரு புதினா இலையும் குத்தியிருந்தாள். "ருசி அதேதான், பாருங்கள்" என்றாள். அவளுக்குக் கெட்ட எண்ணமில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

அம்மா கரண்டியின் விளிம்பால் கூழின் குறுக்கே ஒரு கோடு கீறினார். அடுத்த கோட்டைக் கீறுவதற்குள் முதல் கோடு மூடிக்கொண்டது. மறுபடி கீறினார். மறுபடி மூடியது. தலைவி பொறுமையோடு கரண்டியை வாங்கி ஊட்டத் தொடங்கினாள். அம்மா வாயைத் திறந்தார், விழுங்கினார், என்னைப் பார்த்தார்.

"இப்போது நான் யாருடைய பங்கைத் தின்றேன்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தலைவி அடுத்த கரண்டியை நீட்டிவிட்டாள்.