பஸ்ஸிலும் தறிக்காரர் பேச்சு

இன்று சோமனூர் பஸ்ஸில் நான், என்னோடு அந்தக் காலத்தில் தறி ஓட்டிய சரசா, ஜன்னலோரம் மஞ்சள் துப்பட்டாப் பெண், படிக்கட்டில் ஒரு பையன், கண்டக்டர்.

தறிச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. கண்ணும் கையும்தான் பேசும். அந்தப் பெண்ணும் பையனும் அப்படித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அத்தனையும் புரிந்தது.

பையன் புருவத்தை உயர்த்தி, கிளாஸ் பிடிப்பது போல விரலை வளைத்தான். பேக்கரிக்கு டீ குடிக்க வருகிறாயா என்று அர்த்தம்.

பெண் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவன் இறங்க வேண்டிய கருமத்தம்பட்டி வந்தபோதுதான் கண்ணை மூடித் திறந்தாள். அப்படியென்றால் சரி.

அந்த நேரம் பார்த்துச் சரசா எழுந்து இருவருக்கும் குறுக்கே நின்றாள். "ஏனுங்க கண்டக்டர், அவினாசி வந்துருச்சுங்களா?"

"இன்னும் இருக்குதுங்கம்மா, உக்காருங்க!"

பதில் தெரியாமலே பையன் முகம் வாடி இறங்கினான். நான் ஜன்னலைத் தட்டி, பெண்ணைக் காட்டி, கண்ணை மூடித் திறந்தேன். முதலில் மிரண்டான், அப்புறம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"ஆத்தா, நீங்களும் தறிங்களா?" என்றாள் பெண்.

அன்று தறிக்கூடத்தில் ஒருவர் என்னைப் பார்த்துப் புருவம் உயர்த்தியபோதும் இதே ஆள்தான் குறுக்கே வந்து நின்றாள். எனக்காக ஜன்னலைத் தட்ட அங்கே யாரும் இல்லை.

உங்கள் கண்ணுக்குக் குறுக்கே வந்து நின்றது யாருங்க? எனக்குச் சரசா. மன்னிப்பே கிடையாது.