பூஜ்யம் இல்லாத ஸ்கோர் நோட்டு

துறைத்தலைவர் வந்து பார்க்கும் அந்த ஒரு புள்ளியியல் வகுப்பு சரியாக அமைந்தால்தான் சரவணம்பட்டிக் கல்லூரியில் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வெள்ளகோவிலில் அம்மா ஊரெல்லாம், "பையன் புரொபசருங்க" என்று சொல்லி வைத்திருந்தார்.

துறைத்தலைவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இருபத்து நான்கு மாணவர்கள். திரையில் வரைபடம் போடும் கால்குலேட்டர் மூவருக்கு ஒன்றாக எட்டு. விடுதிக் கிரிக்கெட் போட்டிகளின் ஸ்கோர் நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு ஆட்டக்காரரின் ரன்னையும் பதியச் சொன்னேன். எந்த ரன்னை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று பட்டைப் படம் வர வேண்டும்.

வந்தது. பூஜ்யத்தில் பட்டையே இல்லை. ஒன்றில் மட்டும் தென்னை மரம்போல ஒரு பட்டை.

எதையாவது தப்பாக அழுத்திவிட்டோமோ? அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதே தென்னைமரம். "ஒருத்தர்கூடவா டக் அவுட் ஆகலை?" என்றேன்.

ஸ்கோர் எழுதும் மாணவன் மெல்ல எழுந்தான். "ஆனாங்க சார். முட்டை போட்டா மூஞ்சி வாடிப் போயிருதுங்க. அதான் ஆளுக்கு ஒண்ணு போட்டுட்டேனுங்க."

"வள்ளலுடா நீ!" என்று யாரோ கத்த, வகுப்பே சிரித்தது. எனக்கும் மூச்சு வந்தது. அந்த ஒன்றுகளைப் பூஜ்யமாக்கினால் சராசரி எவ்வளவு இறங்கும், வரிசையின் நடு எண்ணான இடைநிலை அசையுமா என்று பாடத்தை அதிலேயே நடத்தினேன்.

முடிவில் துறைத்தலைவர் மாணவர்களிடம் கருத்துச் சீட்டு வாங்கினார். இருபத்து நான்கிலும் 'முழுமையாகப் புரிந்தது' என்பதற்கு நேராக டிக்.

"நூத்துக்கு நூறு தம்பி. மேல அனுப்பிரலாங்களா?"

சந்தோஷப்படத்தான் நினைத்தேன். ஆனால் சற்று முன்பு, "இடைநிலைன்னா என்னடா?" என்று பக்கத்தில் கிசுகிசுத்தவனின் சீட்டும் அதில் இருந்தது. என் மூஞ்சியும் வாடக் கூடாதென்று போட்ட டிக்.

ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கினேன். மறுநாள் காலை, பெயர் எழுத வேண்டாமென்று வெள்ளைத் தாள் கொடுத்து, இடைநிலையில் ஒரே ஒரு கணக்குப் போடச் சொன்னேன். ஒன்பது பேர் சரி. அந்த எண்ணிக்கையை எழுதிச் சீட்டுகளோடு இணைத்துக் கொடுத்தேன்.

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்க தம்பி, இதை யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லீங்க சார்."

"ரெண்டையும் அனுப்பறேன். எதைப் பார்ப்பாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

வராந்தாவில் நிற்க முடியாமல் நடந்துகொண்டிருந்தபோது அம்மா போன். "வேலை கெட்டியாயிருச்சா கண்ணு?"

எப்போதும், 'ஆயிருமுங்கம்மா' என்றுதான் சொல்வேன்.

"தெரியலீங்கம்மா."

"செரி, சாப்புட்டயா?"

"இன்னும் இல்லீங்க" என்றேன். மணி அடித்தது. புரியாத பதினைந்து பேர் யார் யாரென்று தெரியாததால், வகுப்புக்குள் போய் எல்லோருக்கும் இடைநிலையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.