மண் கட்டிய துவரை

துவரம்பருப்பைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. என் வீட்டுக்காரி எழுந்து உள்ளே போய்விடுவாள். அடுத்து நான் சட்டத்தைத் திட்ட ஆரம்பிப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஜவ்வாது மலையில் எங்களுக்கு மழையை நம்பிய கொஞ்சம் காடு. சாமை, கேழ்வரகு, ஊடே துவரை. துவரையை அப்படியே மூட்டை கட்டி வைத்தால் வண்டு விட்டுவைக்காது. அதனால் மண் கட்டுவோம். செம்மண் புற்றை உடைத்துச் சலித்து, தண்ணீரில் குழைத்து, துவரை மேல் பூசி, வெயிலில் காயவைப்பது. மலையில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் என் வீட்டுக்காரி கட்டினால் அது வேறு. மண்ணை இரண்டு முறை சலிப்பாள். விரலில் ஒரு பொடிக்கல் நெருடினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். சட்டி பானையைவிட மண்ணைத்தான் சுத்தமாக வைத்திருக்கிறாய் என்று நான் கிண்டல் செய்வேன். ஒடுகத்தூர் சந்தையில் அவளுடைய துவரைக்கென்றே வருகிறவர்கள் இருந்தார்கள். மண் கட்டியது அடுத்த விளைச்சல்வரை கெடாது, உடைத்தால் தோல் நன்றாகக் கழலும், கழுவினால் மண் போய்விடும். விற்கிறவளுக்கும் தெரியும், வாங்குகிறவளுக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான், அவர் ஜீப்பில் வந்தார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மிளகாய்த்தூளில் செங்கல் பொடி, டீத்தூளில் புளியங்கொட்டைத் தோல் என்று எங்கு பார்த்தாலும் கலப்படப் பேச்சு. அந்த ஆட்களைப் பிடித்தவருக்கு நானே மாலை வாங்கிப் போட்டிருப்பேன். உணவு இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் கடைக்காரர்களுக்கு எப்படியோ சேதி போய், பாதிக் கடைகளைச் சாத்திவிட்டார்கள். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் உப்பு வாங்கப் போயிருந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் குந்தி உட்கார்ந்து, துவரையை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கை சிவந்திருந்தது.

“இன்னாம்மா இது, சாயமா?”

“சாயம் இல்லீங்க, மண்ணு. நான்தான் போட்டேன். ரெண்டு தபா சலிச்ச மண்ணுங்க.”

பெருமையாகத்தான் சொன்னாள். பொருளைப் பற்றிக் கேட்கிறவர் வாங்கத்தான் கேட்கிறார் என்று நினைக்கிற ஜனம் நாங்கள். எந்தப் புற்று மண், எப்படிக் குழைப்பது, எவ்வளவு நேரம் வெயில் காட்டுவது என்று அவர் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். துவரையை மூன்று பங்காகக் கட்டி, அரக்கு வைத்து முத்திரை குத்தி, எடுத்ததற்கு விலையும் கொடுத்து, எழுதியதன் கீழே அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார். மலை ஏறும் வழியெல்லாம் அவள் அவரைத்தான் புகழ்ந்துகொண்டு வந்தாள். பேரமே பேசவில்லையாம்.

பிறகு சம்மன் வந்தது. உணவுப் பொருளில் மண் கலந்து விற்றாளாம். ருசுவானால் குறைந்தது ஆறு மாதம் உள்ளே இருக்க வேண்டும் என்றார் கீழே டவுனில் நான் பிடித்த வக்கீல். எங்கள் கடைசிப் பெண் அப்போது தாய்ப்பால்கூட மறக்கவில்லை.

துவரையை யாரிடமாவது வாங்கி விற்றீர்களா, பில் இருக்கிறதா என்று வக்கீல் கேட்டார். இருந்தால் பழி உங்களுக்கு விற்றவன் மேல் போய்விடும், நீங்கள் தப்பிக்கலாம் என்றார். சொந்தக் காட்டில் விளைந்தது என்றேன். உச்சுக் கொட்டினார். என் காடு எனக்கு பில் போட்டா கொடுக்கும் என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. சரி, இனிமேல் மண்ணே கட்டாமல் விற்கிறோம், வண்டு விழுந்தால் விழட்டும் என்றேன். பூச்சி அரித்ததை விற்றால் அதுவும் இதே சட்டத்தில் குற்றம்தான் என்றார். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஒரு மரக்கால் துவரையை ஒரு மழைக்காலம் வீட்டில் வைத்துப் பார்த்திருப்பார்களா என்று இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

கடைசியில் வக்கீலே ஒரு வழி சொன்னார். மனிதர் கை படாமல் பொருள் தானாகக் கெட்டிருந்தால் விளைவித்தவர் மேல் குற்றம் இல்லையாம். “களத்து மண்ணு தானா ஒட்டிக்கிச்சி, நான் போடலன்னு சொல்லட்டும். கைநாட்டு விஷயத்த நான் பாத்துக்கறேன்.” ஆக, அழுக்காக இருந்தால் வீட்டுக்குப் போகலாம், சலித்துச் சுத்தமாகப் போட்டால் ஜெயிலுக்குப் போகவேண்டும்.

அவள் முடியவே முடியாது என்றாள். தன் களம் சாணி போட்டு மெழுகிய களம், அதில் மண் எப்படி ஒட்டும், கேட்டவர்கள் காறித் துப்பமாட்டார்களா என்று சண்டைக்கு வந்தாள். குழந்தையைக் காட்டி நான் கெஞ்சினேன், பிறகு கத்தினேன். அதற்குள் வாய்தா மேல் வாய்தா. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மலை இறங்கி, பஸ் பிடித்து, கோர்ட்டு வாசலில் காய்ந்து கிடப்போம். ஒரு நாள் ஜட்ஜ் லீவு, ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் துவரை மூட்டை கணக்காக வீடு திரும்புவோம், ஏற்றி இறக்கியது மட்டும்தான் மிச்சம்.

ஒருவழியாக ஒரு நாள் கூப்பிட்டார்கள். ஜட்ஜ் வயதானவர், முகத்தில் கடுமையே இல்லை. மண் எப்படி வந்தது என்று மெதுவாகத்தான் கேட்டார். அவள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள்.

“களத்து மண்ணுங்க. தானா ஒட்டிக்கிச்சி. நான் கவனிக்கல.”

வழக்கு தள்ளுபடி ஆனது. ஜட்ஜ் அவளை நிறுத்தி, நல்லெண்ணத்தில்தான் ஒரு புத்தி சொன்னார். “இனிமேலாவது சுத்தபத்தமா இருக்கப் பழகிக்கம்மா.”

“சரிங்க,” என்றாள்.

வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வக்கீல் ஜெயித்த களிப்பில் என் முதுகில் தட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

பஸ் அமிர்தி தாண்டிய பிறகு, அந்த ஜட்ஜ் ஐயா எழுதியது என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். கோர்ட்டில் கட்டிப் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அப்ப நான் செத்தாலும் அங்க அழுக்குக்காரிதான்,” என்றாள்.